கைக்குழந்தையோடு, கார் இல்லாமல் சிங்கப்பூரில்

தங்கச்சி, அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிறோம், ஐந்து வயதுப் பெண்ணும் ஒன்றரை வயதுப் பையனும் இருக்கிறார்கள், கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா, எந்தப் பாலர் பள்ளி நல்லது, எந்த வட்டாரத்தில் வீடு பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது பஸ்ஸும் ரயிலும்தான்.

கார் ஆசை வேண்டாம். இங்கே கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே சில சமயம் ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டி ஏலம் போயிருக்கிறது, அதுவும் 10 வருடத்துக்குத்தான். அப்படியானால் ஆப்பில் வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் எச்சரிக்கை. 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்கு, ஆப்பில் வரும் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு. இது தெரியாமல் சாதாரண வண்டியைப் புக் செய்துவிட்டு, ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்ததும் ஏற்ற மறுத்தால், மழையில் நிற்பது நீங்கள்தான். ஆப்பில் டாக்சி என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அல்லது குழந்தை இருக்கை உள்ள வண்டியைக் கேளுங்கள்.

நாங்கள் 2012இல் வந்தபோது பஸ்ஸில் ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியை, மடித்தால்தான் ஏற முடியும். இடுப்பில் தூங்கும் பிள்ளை, தோளில் காய்கறிப் பை, ஒரு கையில் மடித்த ஸ்ட்ரோலர், இன்னொரு கையில் பயண அட்டை. பின்னால் வரிசை உச்சுக் கொட்டும். 2017 ஏப்ரலில்தான் விரித்தபடியே ஏற்றலாம் என்று மாற்றினார்கள். இப்போது வருகிறவர்களுக்கு அந்த அருமை தெரியாது. இருந்தாலும் சக்கர நாற்காலிக்காரர் வந்தால் அந்த இடம் அவருக்குத்தான், உடனே மடிக்க வேண்டியிருக்கும். அதனால் ஊரிலிருந்து யானை மாதிரி ஸ்ட்ரோலரைத் தூக்கி வராதீர்கள். ஒரு கையால் மடிக்கிற சின்னது போதும். மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன் சீட்டுக்குப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், ஸ்ட்ரோலரோடு மேலே போக முடியாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

ரயில் நிலையம் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. எந்த வாசலில் லிஃப்ட் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோபி காட் மாதிரி மூன்று தடங்கள் சேரும் இடத்தில் மாறுவதற்கே நடந்து நடந்து பிள்ளை சிணுங்கிவிடும். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரோடு ஏறவே ஏறாதீர்கள், இங்கே அது ஓடுகிற வேகமே வேறு.

பையன் 0.9 மீட்டருக்குள் இருந்தால் டிக்கெட் இல்லை. பெண் அதற்கு மேல் இருப்பாள், 7 வயதுக்குள் இலவசம்தான், ஆனால் குழந்தைச் சலுகை அட்டை வேண்டும். வந்த வாரமே வாங்குங்கள். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். நம்மவர்கள் சிலர் பிள்ளைக்கு முறுக்கை உடைத்துக் கொடுத்துவிட்டு, கேட்டால் "குழந்தைதானே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழந்தையோடு நின்றால் முதலில் எழுந்து இடம் தருவது கட்டுமான வேலைக்கு வந்த தம்பிகள்தான். லேப்டாப் பையோடு முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர் ஐ.டி. ஆள் கண்ணை மூடிக்கொள்வார். கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள், தருவார்கள். நான் கேட்கக் கற்றுக்கொள்ளவே வெகுநாள் ஆனது, இப்போது மற்ற தாய்மாருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நம்மவர்கள் கூடும் தேக்கா சந்தைக்கு மட்டும் ஸ்ட்ரோலரோடு போகாதீர்கள், ஒரு சக்கரம் வைக்க இடம் இருக்காது. கறிவேப்பிலைக்கு வார நாள் காலையில் போங்கள். நாங்களும் அப்படித்தான் போவோம். பெரியவன் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அறிவிப்புக்கு முன்னாலேயே சொல்லுவான், பக்கத்தில் இருக்கும் சீனப் பாட்டி கைதட்டுவார். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே தடங்களின் நிறமெல்லாம் அத்துப்படி.

வீடு விஷயத்தில் வட்டாரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, உங்கள் வீட்டுக்காரரின் அலுவலகத்தைப் பொறுத்தது. ஆனால் வாடகை பேசுவதற்கு முன் அந்த அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்து பாருங்கள். வழி முழுக்க மேலே கூரை இருக்க வேண்டும். இங்கே மழை சொல்லிக்கொண்டு வராது.