எந்தத் தாயின் குஞ்சு எது? இன்குபேட்டரில் கலக்காமல் பொரிக்க வைக்கும் முறை

கேள்வி: என்னிடம் நாட்டுக்கோழியில் சின்ன உடல்வாகுள்ள சிறுவிடை வகையில் இரண்டு பெட்டைகளும், பெரிய உடல்வாகுள்ள பெருவிடை வகையில் ஒரு பெட்டையும் இருக்கின்றன. சிறுவிடைக்கு ஒரு சேவல், பெருவிடைக்குத் தனிச் சேவல். 50 முட்டை பிடிக்கும் சின்ன இன்குபேட்டர் ஒன்றுதான் உண்டு. மூன்றின் முட்டைகளையும் ஒன்றாக வைத்தால், பொரித்த பிறகு எது யாருடைய குஞ்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது? முட்டையில் எழுதி வைத்தால் போதுமா? அடைக்கோழியிடம் வைத்தால் இந்தச் சிக்கல் இருக்காதா?

பதில்: முட்டையில் எழுதினால் மட்டும் போதாது. முட்டையை இன்குபேட்டரில் வைத்த 18-ஆம் நாள் வரைக்கும் அந்த எழுத்து உதவும். குஞ்சு வெளியே வந்த நிமிடத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். ஏனென்றால் எழுத்து ஓட்டில் இருக்கிறது, குஞ்சு ஓட்டை விட்டு நடந்து போய்விடுகிறது.

முட்டை உடைவதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். அகலமான முனைப் பக்கம், காற்றறையை ஒட்டித்தான் குஞ்சு முதலில் கொத்தும். பிறகு உள்ளேயே மெல்லத் திரும்பித் திரும்பி ஓட்டைச் சுற்றிக் கொத்தி, டப்பா மூடியைக் கழற்றுவது போல அந்த முனையைத் தள்ளிவிட்டு வரும். ஈரம் காயும் முன்பே தவழ ஆரம்பிக்கும். பக்கத்து முட்டைகளை உருட்டும், கழன்று கிடக்கும் ஓடுகளை மிதித்துத் தள்ளும். நான் முதல் தடவை மூன்று பெட்டைகளின் முட்டைகளைச் சேர்த்து வைத்தபோது, அகலமான முனையிலேயே எண் போட்டிருந்தேன். காலையில் திறந்து பார்த்தால் மூடிகளெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அதில் ஒரு மூடி, அப்போதுதான் கொத்த ஆரம்பித்திருந்த வேறொரு முட்டையின் தலையில் தொப்பி மாதிரி மாட்டியிருந்தது. அந்த முட்டைக்குள் இருந்த குஞ்சு வெளியே வர முடியாமல் செத்துப்போயிருந்தது. மீதிக் குஞ்சுகளில் எது யாருடையது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே ஜோடிக்குக் கருப்பும் செவலையும் கலந்து பிறப்பது நம் நாட்டுக்கோழிகளில் சாதாரணம். கடக்நாத் போலத் தோல், அலகு, கால் எல்லாம் கருத்த இனமாக இருந்தால் ஓரளவு அடையாளம் தெரியும். சிறுவிடை, பெருவிடைக்கு அது நடக்காது. பெருவிடைக் குஞ்சு பெரிதாக இருக்கும் என்ற கணக்கும் முதல் நாளில் உதவாது. பிறந்த குஞ்சின் எடை முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பெரிய முட்டையிலிருந்து பெரிய குஞ்சு, அவ்வளவுதான்.

ஆகவே அடையாளம் முட்டையிலிருந்து கூடைக்கும், கூடையிலிருந்து குஞ்சின் காலுக்கும் கை மாற வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட இடைவெளி இருக்கக் கூடாது.

முதலில் தகப்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலர் தவறவிடும் இடம் அதுதான். சேவல் மிதித்த பிறகு அதன் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு, மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். உங்கள் பெருவிடைப் பெட்டை போன வாரம் வரை சிறுவிடைச் சேவலோடு மேய்ந்திருந்தால், இன்று தனியாக அடைத்தாலும் நாளைய முட்டையின் தகப்பன் யார் என்று சொல்ல முடியாது. பிரித்து அடைத்து, அதற்குரிய சேவலை விட்டு, மூன்று வாரம் கழித்து வரும் முட்டையிலிருந்துதான் சேகரிக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் பொறுக்க முடிந்தால் ரொம்ப நல்லது. அதுவரை வரும் முட்டைகளைச் சமைத்துவிடுங்கள்.

ஒரே சேவலுக்குக் கீழ் இரண்டு சிறுவிடைப் பெட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் முட்டையைப் பிரிப்பதும் ஒரு வேலை. ஒரு பெட்டையின் முட்டை பெரும்பாலும் ஒரே வடிவத்தில், ஒரே சாயலில் வரும். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், ஆனாலும் அதை மட்டும் நம்பி எழுதாதீர்கள். முட்டையிடும் நாட்களில் இரண்டையும் தனித்தனிக் கூண்டில் விட்டு, சேவலை மாற்றி மாற்றி விடுவது எளிது.

முட்டையை எடுத்த உடனே, கூண்டு வாசலிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோய் எழுதலாம் என்றால் கலந்துவிடும். அடைக்கு வைக்கும்போது கரியால் கோடு போடுவது நம் கிராமத்துப் பெண்களின் வழக்கம். அதே வேலையைப் பென்சிலால் செய்கிறோம். ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் வேண்டாம். ஓடு முழுக்க ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பதால் மை உள்ளே இறங்கலாம். தாய்க்கு ஓர் எழுத்து, பக்கத்தில் தேதி. அகலமான முனையை விட்டுவிட்டு, கூரான முனைக்குப் பக்கத்தில் ஒன்றும் இடுப்பில் இரண்டு பக்கமும் என்று மூன்று இடத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் சேர்த்த முட்டைகளை எல்லாம் ஒரே நாளில் உள்ளே வையுங்கள். ஆளுக்கொரு நாளில் வைத்தால் கடைசி நாட்களின் ஈரப்பதக் கணக்கு எல்லோருக்கும் கெட்டுவிடும்.

முக்கியமான நாள் 18-ஆம் நாள். அன்றைக்கு முட்டை திருப்புவதை நிறுத்துவீர்கள், ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுவீர்கள். அன்றே லைட் அடித்துப் பார்த்து கூமுட்டைகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தாய்வாரியாகத் தனித்தனிக் கூடையில் அடுக்கிவிட வேண்டும். சிலர் பொரிக்க ஆரம்பித்த பிறகு திறந்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்துப் பிரிக்கிறார்கள். இது தவறு. திறக்கத் திறக்க ஈரம் போய்விடும், பாதி வெளியே வந்த குஞ்சின் மேல் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கூடைக்கு எங்கும் தேடிப் போக வேண்டாம். காய்கறி வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் கூடை, பாத்திரக் கடையில் கிடைக்கும் துளைத் தட்டு எதுவானாலும் சரி. நாலு பக்கமும் காற்று போக வேண்டும், துளையில் குஞ்சின் தலையோ காலோ நுழையக் கூடாது, உயரம் 10 செ.மீ. இருந்தால் நல்லது. முட்டைகள் தரையில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, வெளியே வந்த குஞ்சுக்கு இடம் வேண்டும். மூடி கட்டாயம் வேண்டும். அதே அளவுள்ள இன்னொரு கூடையைக் கவிழ்த்து, கேபிள் டையால் இரண்டு இடத்தில் கட்டிவிடலாம். வழவழப்பான தரையில் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் அகன்று விரிந்துபோகும், அப்படி ஆன கால் சரியாவது சிரமம். அடியில் ஒரு துண்டு சணல் சாக்கையோ சொரசொரப்பான துணியையோ விரித்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் ஃபேன் இல்லையென்றால் கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அந்த மாதிரிப் பெட்டியில் மேலே ஏற ஏறச் சூடு கூடும், மேல் கூடையில் உள்ளவை வெந்துபோகும்.

கொசுவலைத் துணியில் பை தைத்து, அதில் போட்டுக் கட்டும் வழக்கமும் உண்டு. ஒரு தாய்க்கு ஒன்றிரண்டு முட்டைதான் என்றால் மட்டும் நான் அதைச் செய்வேன். நூல் பிரிந்தால் குஞ்சின் விரலில் சுற்றி இறுக்கிவிடும், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பொரித்த குஞ்சுகளை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாராளமாகத் தாங்கும். எல்லாம் காய்ந்து பஞ்சு போல ஆனதும் ஒரு நேரத்தில் ஒரு கூடையை மட்டும் வெளியே எடுங்கள். எண்ணிப் பாருங்கள். 9 முட்டை வைத்த கூடையில் 7 குஞ்சும் பொரிக்காத முட்டை 2-உம் இருந்தால் கணக்கு சரி. 8 குஞ்சும் 2 முட்டையும் இருந்தால் எங்கிருந்தோ ஒன்று புகுந்திருக்கிறது. அப்படி ஆனால், வந்தது எது என்று ஊகிக்காதீர்கள். அந்தக் கூடையையும், ஒன்று குறைகிற கூடையையும் சேர்த்துக் கலப்பு என்று எழுதிவிடுங்கள். வளர்க்கலாம், விற்கலாம், தாய்க்கோழியாக மட்டும் நிறுத்தாதீர்கள். சந்தேகமான குஞ்சுக்கு வம்சம் எழுதி வைத்தால், பின்னால் அண்ணன் தங்கையைத் தெரியாமல் ஜோடி சேர்த்துவிடுவோம். அப்படியே தொடர்ந்தால் முட்டை பொரிப்பதும் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும்.

அடுத்த கூடையைத் திறக்கும் முன்பே இந்தக் கூடைக் குஞ்சுகளின் காலில் அடையாளம் ஏறிவிட வேண்டும். நூல் கட்டக் கூடாது. குஞ்சுக் காலுக்கென்று விற்கும் சுருள் வளையத்தில் தாய்க்கு ஒரு நிறம் என்று போடுங்கள். கால் மிக வேகமாகப் பருக்கும், வளையம் தானாக வளராது. வாரம் ஒரு முறை பெரிய அளவுக்கு மாற்றாவிட்டால் சதைக்குள் இறங்கிவிடும். 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது எப்படியும் ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பீர்கள், அப்போதே முதல் மாற்றத்தைச் செய்துவிடுங்கள். நெயில் பாலிஷ் சில நாள்தான் நிற்கும். சிவப்பு பூசவே பூசாதீர்கள், மற்ற குஞ்சுகள் கொத்திக் கிளறும்.

வளையம் கழன்று விழுமே என்ற பயம் இருந்தால் விரலிடைச் சவ்வில் துளையிடும் முறை இருக்கிறது. ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, இரண்டு காலுக்கு நான்கு. எதில் துளை, எதில் இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 விதமான அடையாளம் கிடைக்கும். முதல் நாளிலேயே, சுத்தம் செய்த துளையிடும் கருவியால் போட வேண்டும். துளைத்த சதைத் துணுக்கு முழுசாக வெளியே வராவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். பழகியவர் போடுவதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உங்களுக்கு மூன்றே தாய்தான் என்பதால் வளையமே போதும் என்பேன்.

அடைக்கோழி விஷயம்: ஒரே கோழிக்குக் கீழ் மூன்று தாயின் முட்டைகளை வைத்தால் இதே குழப்பம்தான் வரும், அங்கே கூடை கட்டவும் முடியாது. ஆனால் 18-ஆம் நாள் வரை அடைக்கோழியிடம் விட்டுவிட்டு, அதன் பிறகு முட்டைகளைக் கூடைகளில் பிரித்து இன்குபேட்டரில் பொரிக்க வைக்கலாம். கோழி அடை கலைந்துவிடாமல் இருக்க, அதனடியில் நாலு கூமுட்டைகளைப் போட்டு வையுங்கள். குஞ்சுகளுக்கு வளையம் போட்ட பிறகு, இருட்டியதும் கூமுட்டைகளை உருவிவிட்டு ஒவ்வொரு குஞ்சாக இறக்கைக்குக் கீழே நுழைத்துவிட்டால் பெரும்பாலான கோழிகள் சேர்த்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் கொத்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.