மலைக் கிராமக் களப்பணியைச் சேவைவழிக் கற்றலாக மாற்றுவது எப்படி?

கேள்வி: சேலத்தில் உள்ள ஒரு செவிலியர் கல்லூரியில் சமுதாய சுகாதாரச் செவிலியம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் மாணவியரை ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, வீடு வீடாகக் கணக்கெடுத்து, முகாம் நடத்தித் திரும்புகிறோம். இதைச் சேவைவழிக் கற்றலாக, அதாவது ஊரின் தேவைக்குச் சேவை செய்தபடியே பாடத்தையும் கற்கும் முறையாக, மாற்றச் சொல்கிறது நிர்வாகம். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். பதிவேட்டை நிரப்பக் குடும்பங்களைத் தேடும் வழக்கத்தை விட்டு, ஊரின் தேவையை முதலில் கேட்டறிந்து, பாடத்தின் எந்தப் பகுதி அதற்குப் பொருந்தும் என்று பிறகு பாருங்கள். ஆகவே பேருந்துக்கு ஏற்பாடு செய்யும் முன்பே கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசிவிடுங்கள். மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் சமவெளியில் 5,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. ஆனால் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் மலையில் அந்த 3,000 பேரைச் சென்றடைவதே பெரும்பாடு.

கர்ப்பிணிகளின் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருப்பதை முகாமிலேயே கண்டுபிடித்துவிடலாம். 180 நாள்களுக்கான இரும்புச்சத்து மாத்திரைகளும் அரசு வழங்குகிறது. அவை உள்ளே போகின்றனவா என்பது வீட்டில்தான் தெரியும். தோட்ட வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் கடுங்காப்பியோடு மாத்திரையை விழுங்கினால், இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுவோரும் உண்டு. மாணவி அந்தப் பயத்தைப் போக்கி, மாத்திரையை இரவு உணவுக்குப் பின் மாற்றி, இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போய் அட்டையில் மீதியுள்ளதை எண்ணிப் பார்க்கட்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இப்பகுதியில், ரத்தசோகையை உண்டாக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயையும் நினைவில் கொள்வது நல்லது. பழங்குடிப் பகுதிகளை முன்வைத்து 2023இல் தொடங்கப்பட்ட தேசிய இயக்கமே இதற்கு உண்டு.

காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் பகலில் போனால் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்பீர்கள். மாலையிலோ வார விடுமுறையிலோ போங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘பயனுள்ள அனுபவமாக இருந்தது’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் (பெரும்பாலும் அது தோழியின் நோட்டிலிருந்து வந்த வரிதான்). நான் நினைத்துப் போனது எது, அந்த வீட்டில் கண்டது எது, அடுத்த முறை எதை மாற்றிச் செய்வேன் என்ற மூன்றுக்கும் விடை இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்காவிட்டால் யாரும் மனமுவந்து எழுத மாட்டார்கள்.

திரும்புவதற்கு முன், தொடர் கவனிப்பு தேவைப்படுவோரின் பட்டியலை அவர்களின் சம்மதத்துடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வகுப்பில் பேசும்போது பெயர்களை மறைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மாணவியரும் அதே ஊருக்கே போகட்டும், முதல் வேலையாக அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும்.