உடலில் கீறல்கூட இல்லை, மின்சாரம்தான் கொன்றதா?

திருகோணமலை மாவட்டத்தில் சட்ட வைத்திய அதிகாரியாக இருந்தவன் நான். மின்தாக்க மரணங்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கிண்ணியாவிலிருந்து: டொக்டர், வாப்பா தண்ணீர் மோட்டரில் கை வைத்ததும் விழுந்து மௌத்தானார். பிரேத பரிசோதனை முடிந்தும் காரணம் இன்னும் எழுதப்படவில்லை. மின்சாரம் என்றால் கருகியிருக்காதா?

கருகவேண்டும் என்பதில்லை, மகளே. காய்ந்து தடித்த உள்ளங்கை மின்னோட்டத்தைத் தடுக்கும். அந்தத் தடையில் பிறக்கும் சூடுதான் தோலைச் சுடுகிறது. நனைந்த கையில் தடை குறைவு. அடையாளம் விழாமலே மின்சாரம் உள்ளே போய்விடும். உடலின் தடை 1,000 ஓம் என்று வைத்தால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் 230 மில்லி அம்பியர் பாயும். கையிலிருந்து நெஞ்சு வழியாகக் காலுக்கு 100 மில்லி அம்பியர் சில வினாடிகள் பாய்ந்தாலே இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்கி, இரத்தம் ஓடாமல் நின்றுவிடலாம். அந்த நடுக்கத்தை இறந்த இதயத்தில் நுணுக்குக்காட்டி வைத்துத் தேடினாலும் காண முடியாது.

மூதூரிலிருந்து: அடையாளம் இல்லையென்றால் ஏன் வெட்டவேண்டும்? ஜனாஸாவைத் தாமதிக்கலாமா?

அடையாளம் இல்லாததால்தான் வெட்டவேண்டியிருக்கிறது. இதய நாடி அடைப்பு, மூளையில் இரத்தக் கசிவு, நஞ்சு என எல்லாவற்றையும் விலக்கிய பிறகே மின்சாரத்தின் பெயரைச் சொல்லலாம். விடியற்காலையிலேயே மேசைக்குப் போய், லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்கு முன் உடலை ஒப்படைத்த நாட்கள் எனக்கு உண்டு.

தம்பலகாமத்திலிருந்து: பன்றிக்கு இழுத்த கம்பியில் சிக்கியவரின் விரலில் சிறு வெள்ளைப் புள்ளி இருந்ததாம். அது என்ன, ஐயா?

மின்சாரம் தொட்ட இடத்தில் விழும் சூட்டு அடையாளம். அதைத்தான் நாங்கள் தேடுவோம். விறைத்து மடங்கிய விரல்களைப் பொறுமையாக விரித்து, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மடிப்புக்குள் தெரியும்: அரிசிமணி அளவு, நடுவில் குழி, சுற்றிலும் வெளிறி மேடான விளிம்பு. கம்பியின் உலோகத் துகளும் சில வேளை ஒட்டியிருக்கும். உடலைக் கழுவிவிட்டால் அந்தத் துகள் போய்விடலாம்.

ஒரு சட்ட மாணவர்: இறந்த பிறகு மின்சாரம் பாய்ச்சினால் அந்த அடையாளம் வராதுதானே?

வரும், தம்பி. அது சூட்டின் வேலை. உயிர் இருந்ததற்குச் சாட்சி அல்ல. அதை மட்டும் காட்டி விபத்து என்று முடிவுகட்டுபவர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து: இடி விழுந்தால்?

தோலில் பன்னம் இலைபோன்ற சிவந்த கோலம் தோன்றலாம். சில மணி நேரத்தில் மறையும். உடனே படம் எடுக்கவேண்டும்.

மீண்டும் கிண்ணியாவிலிருந்து: அந்த மோட்டர் கிணற்றடியிலேயே கிடக்கிறது. தம்பி திருத்தப் பார்க்கிறான்.

வேண்டாம், மகளே. மெயின் சுவிட்சை நிறுத்தியபடியே விட்டு, திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு இன்றே சொல்லுங்கள். மோட்டரின் உடலில் மின்கசிவு இருந்ததா, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் வேலை செய்ததா என்று மின் பொறியியலாளர் சோதிக்கவேண்டும். வாப்பாவின் உடல் சொல்லாததை அந்த மோட்டர் சொல்லக்கூடும்.