அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88. ஜேஇஇ எழுதவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர எங்கே விண்ணப்பிப்பது? சாய்ஸ் ஃபில்லிங் என்கிறார்களே, அதை எப்படிப் போடுவது?

பதில்:

முசிறியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மே மாதம் தொடங்கினால் கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதி இன்ஜினியரிங் கவுன்சலிங் கூட்டம்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்துக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) என்கிற ஒரே விண்ணப்பம்தான். கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, விழுப்புரம், பட்டுக்கோட்டை, அரியலூர் மாதிரி ஊர்களில் இருக்கிற உறுப்புக் கல்லூரிகள், மற்ற அரசுக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் என நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு அந்த ஒன்றே போதும். 2018 வரை இந்தக் கலந்தாய்வைப் பல்கலைக்கழகமே நடத்தியது. 2019இலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பழைய ஆட்கள் இன்னும் "கிண்டிக்குக் கவுன்சலிங் போகணும்" என்பார்கள். அதெல்லாம் 2017ஓடு முடிந்துவிட்டது, இப்போது எல்லாமே ஆன்லைன்.

ஜேஇஇ பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு 2007லேயே போய்விட்டது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி மாதிரி மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத்தான் ஜேஇஇ வேண்டும், அவை இந்தக் கலந்தாய்வில் வராது. கணக்கு மதிப்பெண் முழுசாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. உங்கள் மகளுக்கு 92, அதோடு 42, அதோடு 44. ஆக கட்-ஆஃப் 200க்கு 178.

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாத வாக்கில் பதிவு தொடங்கும், ஜூன் முற்பகுதி வரை நேரம் இருக்கும். கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. படிவத்தை நிரப்புவது பெரிய வேலையே இல்லை. சான்றிதழ்தான் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விடுங்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர், துணை தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய்த்தான் அது வரும். மே, ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் தாமதமாகும். சாதிச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழை அப்லோட் செய்தால் ஆன்லைனிலேயே சரிபார்த்து விடுவார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத்திலேயே டிஎஃப்சி என்ற உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே போய்க் காசில்லாமல் கேட்கலாம்.

உங்கள் மகளுக்கு ரொம்ப முக்கியமான விஷயம் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021இல் சட்டம் போட்டுக் கொடுத்தது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. நிறையப் பேர் "எய்டடும் கவர்ன்மென்ட்தானே" என்று டிக் செய்துவிட்டு, சரிபார்ப்பில் திரும்பி வந்து நிற்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொதுப் பிரிவிலும் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப் பிரிவு இடத்தில் சேர்ந்தால் இந்தக் கட்டணச் சலுகை வராது. இடத்தை உறுதி செய்யும் முன் அது எந்தப் பிரிவில் வந்த இடம் என்று கட்டாயம் பாருங்கள். முதல் பட்டதாரி சான்றிதழையும் எதற்கும் வாங்கி வையுங்கள், பொதுப் பிரிவில் சேர நேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையாவது கிடைக்கும்.

பதிவு முடிந்ததும் ரேண்டம் நம்பர் என்று ஒரு பத்து இலக்க எண் வரும். அன்றைக்குக் கடையில் ஒரே கலவரமாக இருக்கும். "அண்ணே, எனக்கு ஒன்றில் ஆரம்பிக்குது, போச்சா?" ஒன்றும் போகவில்லை. கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணக்கு மதிப்பெண், அப்புறம் மற்றப் பாட மதிப்பெண், பிறகு பிறந்த தேதி என்று பார்த்துவிட்டு, அதிலும் சமமாக இருந்தால்தான் அந்த எண்ணைத் தொடுவார்கள். பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.

ரேங்க் லிஸ்ட் வந்த பிறகு வருவதுதான் நீங்கள் கேட்ட சாய்ஸ் ஃபில்லிங். மதிப்பெண் வந்தாயிற்று, அதை மாற்ற முடியாது. இனி உங்கள் கையில் இருப்பது இந்தப் பட்டியலின் வரிசை மட்டும்தான். அதில்தான் பாதிக் குடும்பம் ஏமாறுகிறது.

ஒரு பையன் அப்பாவோடு வந்தான். கோடு போட்ட நோட்டில் அழகாக எழுதி, கல்லூரி எண், பாட எண்ணெல்லாம் சிவப்பு மையில் குறித்திருந்தான். முதல் இடத்தில் வீட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆறாவது இடத்தில் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல். "தம்பி, உனக்கு எது பிடிக்கும்?" என்றேன். "காரைக்குடிதாண்ணே. ஆனா அதை மேல போட்டு கிடைக்கலேன்னா சாய்ஸ் வேஸ்ட் ஆயிடும்னு சீனியர் சொன்னாங்க" என்றான்.

வேஸ்ட் ஆகாது. கம்ப்யூட்டர் செய்வது இதுதான்: ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் மகளின் முறை வரும்போது அவளுடைய பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதல் விருப்பத்தில் பொதுப் போட்டி இடம் காலியாக இருக்கிறதா, இல்லையென்றால் அவளுடைய வகுப்புக்கான இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் அடுத்த விருப்பத்துக்கு இறங்கும். எங்கே இடம் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மேலே கிடைக்காத பத்து கல்லூரியைப் போட்டிருந்தாலும் பதினொன்றாவது இடத்துக்கான உங்கள் உரிமை அப்படியே இருக்கும், உங்களுக்குப் பின்னால் இருக்கிற ரேங்க்காரர் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தப் பையன் போட்டிருந்த மாதிரியே விட்டிருந்தால், தனியார் கல்லூரியில் இடம் இருந்த நொடியிலேயே தேடல் முடிந்திருக்கும். காரைக்குடியில் அவன் ரேங்குக்கு இடம் இருந்ததா என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. நோட்டை வாங்கி அம்புக்குறி போட்டு மாற்றினோம். அவன் காரைக்குடியில்தான் படிக்கிறான்.

ஆகவே ஆசை வரிசைதான் பட்டியலின் வரிசை. கிடைக்குமா கிடைக்காதா என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, அதைக் கம்ப்யூட்டர் யோசித்துக்கொள்ளும். போன வருட கட்-ஆஃப் விவரம், கல்லூரிவாரியாகவும் வகுப்புவாரியாகவும், கலந்தாய்வுத் தளத்திலேயே இருக்கும். பட்டியலை எவ்வளவு கீழே வரைக்கும் நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைப் பாருங்கள், வரிசையை மாற்றுவதற்குப் பார்க்காதீர்கள். 7.5 பிரிவில் கட்-ஆஃப் பொதுப் பிரிவைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். அதனால் 178ஐ வைத்துக்கொண்டு "கிண்டியெல்லாம் நமக்கு எங்கே" என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். போட்டால் காசா பணமா? எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை, கிடைத்தால் போகவே மாட்டோம் என்கிற கல்லூரியை மட்டும் போடாதீர்கள்.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு கல்லூரி இருக்கும், ஊர்தான் வேறு. அதே போல கோவை பிஎஸ்ஜி, சிஐடி, மதுரை தியாகராசர் கல்லூரிகளில் ஒரே பாடம் அரசு உதவிபெறும் பிரிவில் ஒன்று, சுயநிதிப் பிரிவில் ஒன்று என இரண்டு முறை வரும். மற்றவர்களுக்குக் கட்டணம் வேறு வேறு என்பதால் அது பெரிய விஷயம். உங்கள் மகள் 7.5இல் சேர்ந்தால் கட்டணம் அரசு கட்டுவது, எனவே இரண்டையும் தயங்காமல் அடுத்தடுத்துப் போடலாம். பிஎஸ்ஜியில் சாண்ட்விச் என்று போட்டிருக்கும் பாடம் ஐந்து வருடம், தெரிந்து போடுங்கள்.

எந்தப் பாடம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் என் அபிப்பிராயம் ஒன்று. இப்போது வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஏஐ டிஎஸ், ஏஐ டிஎஸ் (செயற்கை நுண்ணறிவும் டேட்டா சயின்ஸும்) என்கிறார்கள். பேர் தெரியாத கல்லூரியில் ஏஐயைவிட, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியிலோ சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ எலக்ட்ரிக்கலோ சிவிலோ படிப்பது மேல் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய. முடிவு உங்கள் மகளுடையது. பாப்பாவையே பக்கத்தில் உட்கார வைத்து அவள் வாயால் சொல்லச் சொல்லி வரிசை போடுங்கள்.

சாய்ஸ் போட மூன்று நாள் கொடுப்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் வரை இழுக்காதீர்கள், தளம் திணறும். அடுத்து தற்காலிக ஒதுக்கீடு வரும். அதற்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததில் திருப்தி என்றால் ஏற்றுச் சேர்கிறேன் என்று கொடுத்துவிட்டு, குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். கிடைத்தது நான்காவது விருப்பம், மேலே இருக்கிற மூன்றில் ஒன்று காலியானால் வேண்டும் என்றால் 'ஏற்கிறேன், மேலேயும் பாருங்கள்' என்கிற அக்செப்ட் அண்ட் அப்வேர்டைக் கொடுக்கலாம். அதற்கு டிஎஃப்சியில் குறித்த நாளுக்குள் முறைப்படி பதிய வேண்டும், தவறினால் கையில் இருந்ததும் போகும். மேல் இடம் வந்துவிட்டால் பழைய இடம் தானாகவே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஒன்றுமே பதில் சொல்லாமல் இருந்தால் அந்த இடம் ரத்து. பதில் சொல்லவேண்டிய அந்த இரண்டு நாளில் கோயில், கல்யாணம் என்று வெளியூர் போகாதீர்கள்.

இன்னொன்று, என் தொழிலுக்கே எதிராகச் சொல்கிறேன். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டர்காரரிடம்கூட. பதிவு செய்யும்போது உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மகளின் மின்னஞ்சலையும் கொடுங்கள், ஓடிபி அங்கேதான் வரும். ரிசல்ட் வந்த வாரத்திலேயே "நாங்களே இலவசமாக அப்ளிகேஷன் போட்டுத் தருகிறோம் சார், பாப்பா மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்க" என்று வீடு தேடி ஆள் வரும். ஏதோ ஒரு கல்லூரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசி வைத்து ஆள் பிடிக்கிறவர்கள் அதில் உண்டு. பாஸ்வேர்ட் அவர்கள் கையில் இருந்தால் பட்டியலின் முதல் இடத்தில் அந்தக் கல்லூரிதான் உட்காரும். மேலே சொன்ன கணக்குப்படி அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும்.

சேரும் நாளில் டிசி உட்பட அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்காலர்ஷிப்புக்கு நான்கு வருடமும் கேட்பார்கள். மகளின் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்று இப்போதே தொடங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய் வரும். அதற்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.