வைகாசி வெயிலில் மாப்பிள்ளையின் முடி நிற்க: ஜெல்லா, வாக்ஸா?

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "வருகிற வைகாசியில் எனக்குத் திருமணம். ஜெல் தடவினால் வெள்ளைத் தூளாக உதிர்கிறது. வாக்ஸ் தடவினால் வெயிலில் நெற்றிக்கு வழிகிறது. தினமும் தேங்காய் எண்ணெய் வைப்பவன் நான். மாப்பிள்ளை அழைப்பு முடியும்வரை முடி கலையாமல் இருக்க எதை வாங்கலாம்?"

வாங்குவது இருக்கட்டும், முதலில் அந்தத் தேங்காய் எண்ணெயைக் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் எண்ணெய் சிந்திய இடத்தில் நடுவீட்டுக் கோலத்தின் மாவு எப்படிப் பிடிக்காதோ, அப்படியே எண்ணெய் படிந்த முடியில் நீர் கலந்த ஜெல்லும் சரியாகப் பிடிக்காது.

ஜெல் வேலை செய்யும் விதம் வேட்டிக்குக் கஞ்சி போடுவது போன்றது. நீரில் கரைந்திருக்கும் செயற்கைப் பிசின், நீர் வற்றியதும் முடிகளின்மேல் மெல்லிய ஏடாகக் காய்ந்து அவற்றை விறைப்பாக்குகிறது. காய்ந்த பிறகு சீப்பை ஓட்டினாலோ கையால் கோதினாலோ அந்த ஏடு நொறுங்கும். தாங்கள் சொல்லும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் அதுதான். ஐயமிருந்தால் ஒரு துணுக்கை எடுத்து, ஒரு சொட்டு நீர் விட்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் ஜெல். கரையாமல் செதிலாகவே நின்றால் பொடுகு, அதற்கு மருத்துவம் வேறு. சரியாக அலசாமல் விட்ட கண்டிஷனரின் மேல் ஜெல் தடவினாலும் இரண்டும் திரிந்து வெள்ளை உருண்டைகளாகும். இன்னொன்று, கஞ்சி வேட்டி வியர்வையில் துவள்வதுபோல ஜெல்லும் ஈரம் பட்டால் இளகிவிடும் என்பதால், வைகாசிப் பகலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாக்ஸும், எண்ணெய் வகைப் பொமேடு என்னும் முடிப் பசையும் காய்வதே இல்லை. தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி போன்றவற்றின் ஒட்டும் தன்மையால் முடியைப் பிடித்து வைக்கின்றன. ஆகவே உதிராது, வியர்வையில் கரையவும் செய்யாது, ஆனால் சூட்டில் இளகும், அளவு மிஞ்சினால் வழியும்.

தங்களுக்கு ஏற்றது ஹேர் கிளே என்பது என் கருத்து. மெழுகோடு கயோலின், பென்டோனைட் போன்ற களிமண் சேர்ந்திருப்பதால் தலையின் எண்ணெய்ப் பசையை ஓரளவு உறிஞ்சி, மினுமினுப்பும் இல்லாமல் வைக்கும். அன்று காலை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல், ஈரமாக இருக்கும்போதே வேண்டிய வகிடெடுத்துச் சீவி முழுவதும் காயவிடுங்கள். நனையும்போது முடியின் கெரட்டின் என்ற புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது புதிய வடிவில் மீண்டும் அமைகின்றன. வடிவத்தைத் தருவது அதுதான், கிளே அதற்குக் காவல் மட்டுமே. பட்டாணி அளவு கிளேயை உள்ளங்கையில் சூடு வரத் தேய்த்து, பின்தலையில் தொடங்கி முன்பக்கமாகத் தடவிக்கொண்டு வாருங்கள். நெற்றியோரத்துக்குக் கையில் மிச்சமிருப்பதே போதும்.

அதன்மேல் ஹேர் ஸ்பிரே லேசாக அடிக்கலாம். அதன் நுண்துளிகள் முடியும் முடியும் குறுக்கிடும் இடங்களில் உறைந்து, கம்பிகளைப் பற்றவைத்ததுபோல் இணைக்கும். ஆனால் அதில் தீப்பற்றக்கூடிய ஆல்கஹால் இருப்பதால், குத்துவிளக்கு எரியும் இடத்திலிருந்து தள்ளி நின்று அடித்து, நன்றாக உலர்ந்த பிறகே தாலி கட்டும் திருப்பூட்டுக்கு வந்து நில்லுங்கள்.

இரவில் கழுவும்போது நேராகத் தண்ணீரை ஊற்றினால் மெழுகு போகாது. முதலில் உலர்ந்த தலையில் சிறிது எண்ணெய் தேய்த்து மெழுகை இளக்கி, பிறகு ஷாம்பு போட வேண்டும். தங்கள் தேங்காய் எண்ணெய்க்கு அன்று அப்போதுதான் வேலை.