முதல் புல் ரெக்வெஸ்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் ஓரளவு தெரியும். ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வரி மாற்றி அனுப்பினாலே போதும் என்கிறார்கள் தோழிகள். சரியா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ரீட்மீயில் நிஜமாகவே பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள்; கணக்குக் காட்டுவதற்காக வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு டி-ஷர்ட் பரிசளித்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த ஆசையில் பலரும் ரீட்மீயில் 'அருமையான புராஜெக்ட்' என்று சேர்த்து புல் ரெக்வெஸ்ட்டாக (நம் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்பிக் குவித்தார்கள். திட்டங்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் கொதித்துப்போக, நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே அதை நடத்தியவர்கள் விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) தொடங்குங்கள். தமிழில் ஆர்வம் இருந்தால் 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் லென் ஃபங்ஷனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 5 என்று சொல்லும். 'மி'யின் இகரக் குறியையும் 'ழ்'இன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுவதுதான் காரணம். அதை 3 எழுத்தாகப் பிரித்துத் தருவது இந்த லைப்ரரியின் வேலைகளில் ஒன்று. இப்படி ஒரு ஃபங்ஷனுக்கு விடுபட்டுப்போன டெஸ்ட்டை (அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலை) எழுதித் தருவது முதல் தடவைக்குச் சரியான அளவு. சொல்லில் 'க்ஷ' வந்தால்? நடுவில் ஆங்கில எழுத்து வந்தால்? ஒன்றுமே இல்லாத ஸ்ட்ரிங் வந்தால்?

எந்த ரெப்போவாக (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) இருந்தாலும், அண்மையில் வெளியாட்களின் புல் ரெக்வெஸ்ட் மெர்ஜ் ஆகியிருக்கிறதா (ஏற்றுச் சேர்க்கப்பட்டிருக்கிறதா) என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு ரெப்போ தேடுவது உத்தமம். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற வேலை) என்ற லேபிள் இருக்கிறதே என்று உடனே கை வைக்காமல், கீழே உள்ள கமென்ட்டுகளைப் படியுங்கள். யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கலாம். பிறகு ஃபோர்க் (ரெப்போவை உங்கள் கணக்கில் நகலெடுப்பது), க்ளோன் (அதை உங்கள் கணினிக்கு இறக்குவது), புதிய பிராஞ்ச் (உங்கள் மாற்றத்துக்கான தனிக் கிளை). மெயின் பிராஞ்சிலேயே வேலை செய்தால் அடுத்த பங்களிப்பின்போது இரண்டும் கலந்துவிடும்.

கேள்வி: ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். புல் ரெக்வெஸ்ட்டில் 400 வரி மாறியதாகக் காட்டுகிறது. 'சம்பந்தமில்லாத மாற்றங்களை நீக்கவும்' என்று பதில் வந்திருக்கிறது. நான் வேறு எதையும் தொடவே இல்லையே?
– வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் தொடவில்லை, உங்கள் எடிட்டர் தொட்டிருக்கிறது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். கோப்பைச் சேமிக்கும்போதே, நிரலை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் ஓடி, மேற்கோள் குறியையும் உள்தள்ளலையும் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கலாம். அல்லது வரி முடிவு மாறியிருக்கலாம். லினக்ஸில் வரி முடிவுக்கு ஒரு குறி, விண்டோஸில் இரண்டு. எல்லா வரியின் முடிவும் மாறினால், மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட், கோப்பு முழுவதையும் புதிது என்றே கொள்ளும்.

எது என்று அறிய, மெயினோடு ஒப்பிட்டு 'கிட் டிஃப்' கட்டளையை டபிள்யூ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். அது வெற்றிடங்களைக் கணக்கில் எடுக்காது. 400 வரி சுருங்கி ஒரு வரியானால், வரி முடிவோ உள்தள்ளலோதான் மாறியிருக்கிறது. விஎஸ் கோடில் வலப்பக்கக் கீழ் மூலையில் 'சிஆர்எல்எஃப்' (விண்டோஸ் வரி முடிவு) என்று இருக்கிறதா பாருங்கள். மூலக்கோப்பு 'எல்எஃப்' (லினக்ஸ் வரி முடிவு) என்றால், அங்கேயே கிளிக் செய்து மாற்றலாம்.

சரிசெய்ய, சேமிக்கும்போது ஃபார்மேட் செய்யும் வசதியை அணையுங்கள். அந்தக் கோப்பை மட்டும் மெயினிலிருந்து செக்அவுட் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவந்து, உங்கள் ஒரு வரியை மறுபடி மாற்றி, கமிட்டை 'அமெண்ட்' செய்யுங்கள் (புதிய பதிவு சேர்க்காமல் பழைய பதிவையே திருத்துவது).

பலரும் சிக்கிக்கொள்வது இதற்குப் பிறகுதான். சாதாரணமாக புஷ் செய்தால் (உங்கள் ரெப்போவுக்கு அனுப்பினால்) கிட் மறுத்துவிட்டு, 'முதலில் புல் செய்' (அங்கிருப்பதை இறக்கிச் சேர்) என்று யோசனை சொல்லும். செய்யாதீர்கள்! பழைய கமிட்டும் புதியதும் ஒன்றாகிக் குழப்பம் இரட்டிப்பாகும். பழைய பதிவின் இடத்தில் புதியதை வைக்கும் 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' ஆப்ஷனுடன் புஷ் செய்யுங்கள். உங்கள் சொந்த பிராஞ்ச் என்பதால் பாதகமில்லை. புல் ரெக்வெஸ்ட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்க வேண்டாம். ஏற்கெனவே நடந்த உரையாடல் அங்கே அநாதையாகக் கிடக்கும்.

கேள்வி: புஷ் செய்யும்போது சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் கிட்ஹப் ஏற்க மறுக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் தளத்தில் கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டு செல்லாது. எஸ்எஸ்ஹெச் கீ (உங்களை அடையாளம் காட்டும் சாவிக் கோப்பு) உருவாக்கி உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள், அல்லது பர்சனல் ஆக்சஸ் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான குறியீடு) எடுத்து பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: எனக்கு புரோகிராமிங் தெரியாது. தமிழாக்கம் செய்து உதவ முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முடியும் ஐயா. ஃபயர்ஃபாக்ஸுக்கு 'பான்டூன்', லிப்ரேஆஃபிஸுக்கு 'வெப்லேட்' என்ற தளங்களில், உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம்.

வாக்கியத்தின் நடுவே சதவீதக் குறியோடு எஸ், டி போன்ற எழுத்துகள் வரும். மென்பொருள் ஓடும்போது கோப்பின் பெயரோ எண்ணோ வந்து உட்காரும் இடம் அது. அழிக்கக் கூடாது, இடையில் வெற்றிடம் விடக் கூடாது. இரண்டு இருந்து தமிழ் வாக்கிய அமைப்புக்காக முன்பின்னாக மாற்ற வேண்டியிருந்தால், வரிசை எண் குறித்து எழுதும் முறை அந்தத் திட்டத்தில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் மாற்றினால் மென்பொருள் நின்றே போகலாம். அந்த இடத்தோடு வேற்றுமை உருபை ஒட்டுவதும் சரிவராது. என்ன பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. 'என்ற கோப்பை', 'என்ற கோப்பில்' என்று எழுதினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும்.

முதலில் 20 வரி மட்டும் செய்யுங்கள். புதியவரின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் பரிந்துரையாகவே பதிவாகும். அனுபவமுள்ளவர் பார்த்து ஏற்ற பிறகுதான் மென்பொருளுக்குள் போகும். கலைச்சொல்லில் அவர் திருத்தம் சொன்னால் மீதி வரிகளுக்கும் உதவும்.

கேள்வி: புல் ரெக்வெஸ்ட் அனுப்பி ஒரு வாரம். பதிலே இல்லை. டெஸ்ட்டும் ஓடாமல் காத்திருப்பதாகக் காட்டுகிறது. ஏதாவது தப்பா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தப்பில்லை. ஒரு ரெப்போவுக்கு முதன்முறையாக அனுப்புபவரின் டெஸ்ட்டுகள், மெயின்டெய்னர் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் கிட்ஹப்பில் ஓடும். இன்னும் ஒரு வாரம் பொறுத்து, 'நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா?' என்று ஒரே ஒரு கமென்ட் போடுங்கள். அதற்குள் மெயின் பிராஞ்ச் நகர்ந்து கான்ஃபிளிக்ட் (உங்கள் மாற்றத்தோடு மோதல்) காட்டினால், மூல ரெப்போவை ஃபெட்ச் செய்து (புதியவற்றை இறக்கி) உங்கள் பிராஞ்சை ரீபேஸ் செய்துவிடுங்கள் (உங்கள் மாற்றத்தைப் புதிய மெயினின் மேல் வைப்பது).