டிரம்மின் உள்சுவர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. சென்னையில் நகர்ப்புறப் பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு மாணவி. விடுமுறையில் ஊருக்கு வந்து டெங்குக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போனேன். சிறுகதையும் எழுதுகிறேன். இரண்டு தோணியில் கால் வைக்காதே என்கிறார்கள். எதை விடட்டும்? ஒரு கதையும் இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

எதையும் விட வேண்டாம். மருத்துவராகவும் சிறுகதைக்காரராகவும் இருந்த ரஷ்யர் செகாவ் 1890-இல் கைதிகளைக் குடியேற்றிய சகலின் தீவுக்குக் கணக்கெடுக்கப் போய், அங்கிருந்த காவல்துறை அச்சகத்திலேயே அட்டைகள் அடித்து வாங்கி, குடிசை குடிசையாக ஏறி இறங்கி ஏறத்தாழ 10,000 அட்டைகளை நிரப்பினார். பெண் என்றால் அட்டையில் நீளவாக்கில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அதற்கென்று தனிக் கட்டம் வைப்பதைவிட இதுவே வசதி என்பது அவர் எண்ணம். படிப்பை முடியுங்கள், சம்பளம் வரட்டும். கதை எங்கும் ஓடிவிடாது.

நம் கதைகளில் நோய் ஏன் எப்போதும் அழுக்கிலிருந்தே வருகிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கதையும் அப்படியே வந்து சேர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் சாக்கடையிலிருந்து எழும்பிய கொசு ராத்திரியில் பிள்ளையைக் கடிக்கிறது, டெங்கு வருகிறது. கணக்கெடுக்கப் போன பெண் எழுதுகிற வரியா அம்மா இது? சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். அது யானைக்காலுக்குப் பொறுப்பு. டெங்கைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரைத் தேடிப்போய் முட்டையிடுவது.

ராமநாதபுரம் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கிணற்றில் உப்பு. குழாய் என்றைக்கு வரும் என்று தெரியாது. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, குடங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்று ஊற்றினாலும் 200 லிட்டர் டிரம்மில் கொஞ்சம் குறையும். உங்கள் கதாநாயகி, கொசு ஒழிப்புப் பணியாளர் சொன்ன உடனே அத்தனையையும் தெருவில் சாய்த்துவிடுகிறாள். சாய்க்க மாட்டாள். சாய்த்தாலும் பாதிதான் தீரும்.

ஏன் என்றால், ஏடிஸ் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில், கரித்தூள் தூவினதுபோல் ஒட்டிவைக்கிறது. டிரம் காய்ந்து கிடந்தாலும் முட்டை மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். நம் வெயிலுக்கு எட்டுப் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவச் சொல்வது அதற்காகத்தான். தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டி வேறு பாத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும். எல்லாரும் அடியைத்தான் தேய்க்கிறார்கள், முட்டை இருப்பதோ மட்டம் ஏறி இறங்கிய இடத்தில். பிறகு கழுவி, வெயிலில் காயவைத்து, தண்ணீரைத் திருப்பி ஊற்றி, வாயை இறுக்கித் துணியால் கட்ட வேண்டும். துணி தொய்ந்து இடைவெளி விட்டால் பாடெல்லாம் வீண். அபேட் என்கிற கொசுப்புழு மருந்தை ஊற்றுகிறார்களே என்பீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் கலக்கலாம், புழு சாகும். சுவரில் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதன் வாடைக்குப் பயந்து டிரம்மையே மறைக்கிற வீடுகளும் உண்டு.

மூடியைத் திறந்ததும் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். அவசரக்காரர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு நிமிடம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். அந்த ஒரு நிமிடமும் வீட்டுக்காரம்மா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இந்தப் பெண் நம் தண்ணீரைக் கொட்டச் சொல்லப்போகிறாளா என்று. நீங்கள் அங்கே நின்றவர். அதை விட்டுவிட்டுச் சாக்கடைக்குப் போயிருக்கிறீர்கள்.

பூட்டிய வீடுகளைப் பற்றிய பத்தி ஆய்வுக்குப் போகட்டும். புழு இருந்த வீடுகளைப் பார்த்த வீடுகளால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வீட்டுக் குறியீடு. குடும்பமே வளைகுடாவில் இருக்கிற, பூட்டுத் தொங்குகிற வீட்டின் ஃபிளஷ் தொட்டி அதில் வரவே வராது. கதைக்கு அது பாரம்.

வார்டு எண்ணையும் பச்சைக் கதவையும் உடனே எடுங்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பது சென்னைக்காரர் நினைப்பு. உங்கள் தெருவில் பச்சைக் கதவு என்றாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். அந்த அம்மா சம்மதம் சொன்னது கணக்கெடுப்புக்கு.

கடைசியில் வரும் மழை நன்றாக வந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். காலி டிரம்மை அவள் வாசலில் கவிழ்த்து வைத்ததாக எழுதியிருப்பதை மட்டும் மாற்றுங்கள். மழை பெய்கிற அன்று நிமிர்த்தித்தான் வைப்பாள்.